எல்லை தாண்டிய பொரி

என் பாட்டியிடம் ஒரு சாக்கு மணல் இருந்தது. குழித்துறை ஆற்றில் எடுத்து, ஏழெட்டுத் தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் காயவைத்து, அரிப்பில் அரித்துச் சேர்த்த மணல். எங்கள் வீட்டில் நகைக்குப் பூட்டு கிடையாது. நகையே கிடையாது என்பது வேறு விஷயம். அந்தச் சாக்கின் வாயை மட்டும் அவள் இறுக்கிக் கட்டிவைப்பாள். பூனை உள்ளே கால் வைத்துவிட்டால் எல்லாம் போச்சு. வருஷக்கணக்காகச் சட்டியில் கிடந்து கறுத்து, நெய் தடவினதுபோல் மினுங்கும் மணல். "புது மணலு நெல்லக் கரிக்கும். பழகின மணலுதான் பொரிக்கும், கேட்டியா மக்கா" என்பாள்.

நான் பிறந்தது 1958-இல், களியக்காவிளையில். அதற்கு 2 வருஷம் முன்பு, 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற 4 தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டை விட்டு ஓரடி நகராமலே என் பாட்டி மாநிலம் மாறினாள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. சந்தைக்கு வருகிற ஆட்கள் மாறவில்லை, அதனால் அவளுக்கு எதுவும் மாறவில்லை. கிழக்கே மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் "பொரி எப்பிடி?" என்று கேட்பார்கள். மேற்கே பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் "மலர் உண்டா?" என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சாக்கிலிருந்து ஒரே நாழியால் அளந்து போடுவாள். நெல்லைப் பொரித்த பொரிக்குத்தான் இந்த இரண்டு பெயர்களும்.

இதில் மலையாளத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி. உமி பிளந்து, உள்ளிருந்து வெள்ளையாக நாலு இதழ் விரிகிற காட்சியைச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழந்தமிழில் இந்த உவமை தலைகீழாக இருக்கிறது. வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கம்பூவுக்கு, வேலன் வெறியாடும் களத்தில் சிதறிய செந்நெல் பொரியை உவமை சொல்கிறது குறுந்தொகை. அங்கே பூவுக்குப் பொரி உவமை. எங்கள் ஊரில் பொரிக்கே பூவின் பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்திச்சியாக இருந்து அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். பொரி என்றதும் பிள்ளைகள் நினைத்தது ஆயுதபூஜைக்குப் பாக்கெட்டில் வருகிற அரிசிப்பொரியை. உருண்டையாக, வழவழவென்று இருக்கிற அது எப்படிப் புன்கம்பூ ஆகும்? அடுத்த வருஷத்திலிருந்து ஒரு பொட்டலம் நெல்பொரியை வகுப்புக்கே எடுத்துப்போனேன். பாதிப் பொட்டலம் விளக்கத்துக்கு, மீதி வாய்க்கு.

இரண்டும் வேறு வேறு வித்தைகள். அரிசிப்பொரிக்கு நெல்லை அவித்து, குத்தி, அரிசியை உப்புத் தண்ணீரில் பிசறிக் காயவைத்துப் பிறகுதான் சுடுமணலில் போடுவார்கள். நெல்பொரிக்கு அவிப்பும் இல்லை, குத்தும் இல்லை. பாட்டி செய்தது இவ்வளவுதான்: முந்தின நாள் ராத்திரி பச்சை நெல்லில் கைத்தண்ணீர் தெளித்துப் பிசறி மூடிவைப்பாள். காலையில் மண்சட்டியில் மணலைக் கொதிக்கக் காய்ச்சுவாள். சூடு பார்க்க 4 நெல்லைப் போடுவாள். போட்ட மாத்திரத்தில் வெடித்தால் சரி, யோசித்து வெடித்தால் விறகு போதாது. பிறகு ஒரு பிடி நெல், ஈர்க்குக் கட்டால் ஒரு கலக்கு. படபடவென்று சத்தம் எழுந்து அடங்குவதற்குள் அரிப்பில் கொட்டி மணலைப் பிரித்துவிடுவாள். உமியைச் சுளவில் புடைத்து எடுக்கிற வேலை எங்களுக்கு. புடைத்தபிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் உமியை ஒவ்வொன்றாக நகத்தால் எடுக்கவேண்டும். அந்த வேலையை நான் வெறுத்தேன், இப்போது நினைத்தாலும் வெறுப்பாகத்தான் இருக்கிறது.

எல்லா நெல்லும் பொரியாது. உமி இறுக்கமாகக் கவ்வியிருக்கிற நெல்தான் பொரியும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற இடமில்லாமல் முட்டி, கடைசியில் கூட்டையே பிளந்துகொண்டு வருவதுதான் பொரி. சோளப்பொரி வெடிப்பதும் இதே கணக்குதான். நூற்றுக்குப் பதினாலு பங்கு ஈரம், ஏறக்குறைய 180 டிகிரி சூடு, ஆவியை விடாத தோல் இந்த மூன்றும் சேரவேண்டும். நெல்லுக்கு உமி செய்யும் வேலையைச் சோளத்துக்கு அதன் தோல் செய்கிறது. பாட்டியின் கைத்தண்ணீர் எதற்கு என்பது, பிற்பாடு பாப்கார்னைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பொரிக்கு எங்கள் ஊரில் நாள் உண்டு. நாகர்கோவிலுக்குக் கிழக்கே, திருநெல்வேலிப் பக்கம், திருக்கார்த்திகைக்குப் பொரியைப் பாகில் போட்டு உருட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் கார்த்திகை என்றால் தெரளி இலைக் கொழுக்கட்டை, பொரி நவராத்திரிக்கு. அதற்குக் காரணம் ரோடு. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்தநங்கையும் வருஷாவருஷம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி என்று சொல்வார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனபிறகு, சாமியும் பின்னாலேயே போய்த் திரும்புகிற வழக்கம் வந்தது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்கிறார்கள். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளை கடந்து நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். யானைமேல் சரஸ்வதி, முன்னால் அரண்மனை உடைவாள். 1956-க்குப் பிறகு இந்த ஊர்வலம் மாநில எல்லையைக் கடக்கிற ஊர்வலமாகிவிட்டது. எங்கள் ஊர் எல்லையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து மரியாதை செய்து சாமியை ஏற்றுக்கொள்ளும். ரோட்டோர வீடுகளில் குத்துவிளக்குக்கு முன்னால் அவல், மலர், பழம், கருப்பட்டி வைத்துக் காத்திருப்போம்.

விவசாயக் கணக்கும் இதோடு ஒத்துப்போனது. எங்கள் ஏலாக்களில், அதாவது வயல்களில், இரண்டு பூ (போகம்) விளையும். கன்னிப்பூ அறுவடை முடிந்து புதுநெல் வீட்டுக்கு வருவதும், புரட்டாசியில் சாமி வருவதும் அடுத்தடுத்து நடக்கும். அந்தப் புதுநெல்லில்தான் மலர். பாகுக்குக் கருப்பட்டியோ பழசாக இருக்கும். பனையேற்றம் கோடையோடு முடிந்துவிடும், அப்போது வாங்கி அடுப்புக்கு மேலே பரணில் புகைபடப் போட்டுவைத்த கருப்பட்டி. புகை ஏறாத கருப்பட்டியை மழைக்காலம் வழியவைத்துவிடும்.

கருப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் இனிப்பைப் பற்றிப் பேசமுடியாது. வெளியூர்க்காரர்கள் பதநீர் என்பதை நாங்கள் அக்கானி என்போம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். அக்கானியைக் காய்ச்சக் காய்ச்ச வெல்லமாகும், சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் அரைக்கோளமாகக் கருப்பட்டி. ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறவேண்டும், ஒரு ஆள் பல மரங்கள் ஏறவேண்டும். அந்த மனுஷன் ஏறுகிற ஏணிக்கும் காலில் மாட்டுகிற தளைக்கும் திருவிதாங்கூர் வரி போட்டது. ஏணிக்காணம், தளைக்காணம் என்று அந்த வரிகளுக்குப் பெயரே இருந்தது. நிலத்துக்கு வரி, மரத்துக்கு வரி, அது போதாமல் மரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கிற கயிற்றுக்கும் வரி! இனிப்பு எங்கே கசிகிறதோ அங்கே ஒரு கணக்குப்பிள்ளை நிற்பான் என்பது பாட்டாவின் வாக்கு; தாத்தாவை நாங்கள் பாட்டா என்போம். பாட்டா பனையேறியதில்லை. ஏறியவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

பாகு பாட்டியின் கையில் இல்லை, அம்மையின் கையில். கருப்பட்டியைத் தட்டி, மூழ்குகிற அளவுக்குக்கூட வேண்டாம், அதற்கும் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டுவாள். சிரட்டை நாரும் மண்ணும் அடியில் நிற்கும். பிறகு காய்ச்சு. குமிழி பெரிசாக இருக்கும்போது பாகு இளசு. குமிழி சிறுத்து, கொதிக்கிற சத்தம் மாறும்போது பக்கத்திலேயே நிற்கவேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, திரட்டி, பித்தளைத் தட்டில் போட்டால் 'ணங்'கென்று கேட்கவேண்டும். கேட்ட நொடியில் சுக்கும் ஏலக்காயும் போட்டு இறக்கி, மலரைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டு உருட்டு. ஆறினால் உருட்டமுடியாது. சூட்டில் உருட்டினால் கை வெந்துவிடும். அம்மையின் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருந்தது. இத்தனை கெட்டிப் பாகு எதற்கு என்றால், எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் வரும். பாகு போர்த்தாத மலர் ஒரே ராத்திரியில் நமுத்துப்போகும். போர்த்திவிட்டால் டப்பாவில் பத்து நாள் நிற்கும்.

நெல்லுக்கு வருகிறேன். நாங்கள் நாஞ்சில் நாட்டோடு சேர்ந்தவர்கள் என்று பெயர், ஆனால் நாஞ்சிலின் நெல் வளம் விளவங்கோட்டில் கிடையாது. மேடும் பள்ளமுமான ஊர், பள்ளத்தில் மட்டும் ஏலா. மேட்டுக்கு மரச்சீனிதான், வெளியூர்க்காரர்களுக்கு அது மரவள்ளி. திருவிதாங்கூரில் அந்தக் கிழங்கைப் பரப்பியதில் விசாகம் திருநாளுக்குப் பெரிய பங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பி உண்ட நாடு. 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் கப்பல் நின்றது. மரச்சீனி இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று பாட்டி அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்வாள். அந்த வருஷங்களில் நெல்லைப் பொரிப்பது பாவம்போல இருந்ததாம். ஒரு படி நெல்லைச் சோறாக்கினால் வீடே கஞ்சி குடிக்கும், பொரித்தால் ஊதினால் பறக்கும். சாமி வருகிற நாளுக்கென்று ஒரு பிடி மட்டும் பொரித்திருக்கிறாள். மணல் சாக்கு நாலைந்து வருஷம் சும்மாவே கிடந்தது.

மாநிலம் பிரிந்தபிறகு இன்னொரு வேடிக்கை. எல்லை தாண்டி நெல்லும் அரிசியும் கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. அந்தப் பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு, இந்தப் பக்கம் விலை குறைவு, பிறகென்ன நடக்கும்? தலைச்சுமையில் ராத்திரியோடு ராத்திரியாக அரிசி போனது, எங்கள் ஊர் அதற்குப் பேர்போனது, மறைப்பானேன். பாட்டி பகலில் மலர்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பாறசாலைக்கு நடப்பாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. "நெல்லா இருந்தாப் பிடிப்பான், மலரா இருந்தாச் சிரிப்பான்" என்பார் பாட்டா. வெடித்த நெல் நெல்லா, பலகாரமா என்ற கேள்வியைச் சட்டம் அப்போது கேட்கவில்லை.

மெல்ல மெல்ல ஏலாக்கள் போயின. முதலில் வாழை, பிறகு தென்னை, அப்புறம் ரப்பர், கடைசியில் வீட்டு மனை. பனை கிழக்கே நின்றது, எங்கள் பக்கத்தில் விறகாகவும் கைமரமாகவும் போனது. ஏறுகிற ஆட்களின் பிள்ளைகள் படித்தார்கள். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. நான் பாடம் நடத்திய பிள்ளைகளே அவர்களில் உண்டு. ஆனால் கருப்பட்டி விலை ஏறியது, பாகில் சீனி புகுந்தது. பாட்டி 1983-இல் போனாள். அவள் மணல் சாக்கு பத்துப் பதினைந்து வருஷம் மாட்டுக்கொட்டிலில் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது கொத்தனார் அதைச் சிமெண்டோடு குழைத்துவிட்டார். எங்கள் தெற்குச் சுவரின் பூச்சு ஒரு பகுதியில் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும்; அதுதான்.

சோளப்பொரியை நான் முதலில் பார்த்தது குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில். ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்தின் பெரிய சம்பவம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சட்டி தொங்கியது, அதன் மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக எதுவோ கொட்டியது. மலர்தான் என்று நினைத்தேன். வாயில் போட்டபோது உமி இல்லை! நகத்தால் நோண்டி எடுக்க எதுவுமே இல்லை. பாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒன்றை விரலில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னத்த நெல்லு?" என்றாள். மக்காச்சோளம் என்றேன். "மக்காவா? ஆரு மக்கா?" என்றாள். எங்கள் ஊரில் மக்கா என்றால் பிள்ளை. அந்தச் சோளம் அவளுக்கு அன்றிலிருந்து 'பிள்ளச் சோளம்' ஆனது.

மக்காச்சோளம் மக்காவிலிருந்தும் வரவில்லை. பிறந்தது அமெரிக்கக் கண்டம். பெரு நாட்டுக் கடற்கரையில் கிடைத்த பொரிந்த கதிர்களுக்கு வயசு 6,700 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரச்சீனியும் அதே கண்டத்துப் பிறப்புதான், இரண்டையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். ஒன்று எங்கள் சோற்றின் இடத்தைப் பிடித்தது, மற்றது மெதுவாக வந்து மலரின் இடத்தைப் பிடித்தது. கண்ணாடிப் பெட்டி வண்டியின் கதையும் தூரத்துக் கதைதான். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் நீராவியில் ஓடும் பாப்கார்ன் வண்டியைக் காட்டினார். அதே சிகாகோவில் ருக்கைம் சகோதரர்கள் சோளப்பொரியையும் நிலக்கடலையையும் சேர்த்துக் கரும்புப்பாகில் புரட்டி விற்றார்கள். 1896-இல் அதற்குக் 'கிராக்கர் ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொரி, கடலை, வெல்லப்பாகு: நம் பொரியுருண்டையில் தானியத்தை மட்டும் மாற்றினால் அதுதானே! யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பேச்சே வேண்டாம். பொரிகிற தானியமும் காய்கிற பாகும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எந்த ஊர்ப் பெண்ணும் ஒன்றை மற்றதில் கொட்டாமல் இருக்கமாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சினிமாக் கொட்டகைகளில் பாப்கார்னை வெகுகாலம் பொரித்தது தேங்காயெண்ணெயில். 1994-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்று கூச்சல் போட்டபிறகுதான் பல கொட்டகைகள் எண்ணெயை மாற்றின. எங்கள் ஊரில் எந்த எண்ணெயில் பொரிப்பது என்ற கேள்வியே எழுவதில்லை.

வரிக்கதைக்கு வருவோம். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் கூடிய 55-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பாப்கார்னைப் பற்றி விளக்கம் சொன்னது. உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீதம். பாக்கெட் போட்டுப் பெயர் ஒட்டினால் 12. சர்க்கரைப் பாகு பூசிவிட்டால் அது பொரியே அல்ல, மிட்டாய், 18 சதவீதம். நாடே சிரித்தது. 2025 செப்டம்பரில் எல்லாவற்றையும் 5 என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ஒன்பது மாதமும் பாட்டாவின் நினைப்பு. பாகு விழுந்தால் பொருளின் ஜாதியே மாறிவிடும் என்று ஒரு கணக்குப்பிள்ளை முடிவுசெய்ததை அவர் பார்த்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் என் பேத்தி லீவுக்கு வந்தபோது 'காரமெல் பாப்கார்ன்' வேண்டும் என்றாள். மாலில் அதற்குக் கேட்கிற விலைக்கு இங்கே ஒரு கிலோ மீன் வாங்கலாம். வீட்டில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, சந்தையில் மக்காச்சோளம் அரைக் கிலோ வாங்கிவந்தேன். தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொட்டினேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கருகியது, புகைந்தது, வீடெல்லாம் நாறியது. பேத்தி போனைப் பார்த்துக்கொண்டே, "பாட்டி, இது கோழித்தீவனம்" என்றாள். பொரிகிற சோளம் தனி ரகம், குண்டு குண்டாக, கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும். தீவனச் சோளத்தின் தோல் ஆவியை அடக்காது. எல்லா நெல்லும் பொரியாது என்று தெரிந்த எனக்கு, எல்லாச் சோளமும் பொரியாது என்று தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் சரியான சோளம் வந்தது. 100 கிராம் சோளத்துக்கு 2 கரண்டி தேங்காயெண்ணெய். முதலில் 3 சோளத்தைப் போட்டு மூடி, மூன்றும் வெடித்தபிறகு மீதியைக் கொட்டி மூடி ஆட்டவேண்டும். வெடிச்சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று என்று குறைந்ததும் இறக்கவேண்டும். பொரியாத முத்துக்களைப் பொறுக்கி எடுத்துவிடவேண்டும், என் வயசில் பல்லுக்கு ஆபத்து. பாகுக்கு 150 கிராம் கருப்பட்டி, வடிகட்டி, 'ணங்' கேட்கும்வரை. இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு, சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சோடா விழுந்ததும் பாகு நுரைத்துப் பொங்கும், அந்த நுரையோடு பூசினால் கடிக்க மொறுமொறுவென்று இருக்கும். சோடாவை அம்மை போட்டதில்லை, இது நான் படித்துக் கற்றது. பூசியபிறகு உருட்டாமல் தட்டில் பரப்பி ஆறவிட்டேன். கை வேகவில்லை.

பேத்தி பாதி டப்பாவைக் காலிசெய்துவிட்டு, "மாலில் கிடைப்பதில் இந்தப் புகைவாசம் இல்லையே" என்றாள். சீனிப்பாகில் எங்கிருந்து வரும் புகை? கருப்பட்டிப்பாகின் முன்னால் சீனிக் காரமெல் வெறும் இனிப்பு. இதை நான் பாசத்தால் சொல்லவில்லை, இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மலரா சோளமா என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவேன். மலர் நாக்கில் கரையும், சோளம் பல்லுக்கு வேலை கொடுக்கும், ஆனால் உமி நோண்டவேண்டாம். என் நகங்கள் சோளத்தின் பக்கம்.

சாமி வருகிற நாளுக்கு மட்டும் தட்டில் மலர்தான் வைக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் யாரும் பொரிப்பதில்லை, வாங்குகிறதுதான். நவராத்திரிக்கு முந்தின வாரம் நீங்கள் இந்தப் பக்கம் வந்தால், களியக்காவிளைச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். 'மலர்' என்று கேளுங்கள். 'பொரி' என்று கேட்டால் அரிசிப்பொரியைத்தான் அளந்து தருவார்கள்.